நீலம் காட்டிய தண்ணீர்

இட்லியை முதல் வாய் வைத்தது எட்டு இருபதுக்கு. அதிலிருந்து இரண்டு மணி நேரம், ஆகப் பத்து இருபதுக்கு இவருக்கு மறுபடி ரத்தம் எடுப்பார்கள், அதுவரை இந்த நாற்காலிதான். மூன்று நாற்காலிகளை ஒரே கம்பியில் கோத்து வைத்திருக்கிறார்கள், அந்தக் கோடியில் யார் அசைந்தாலும் இந்தக் கோடியில் எனக்குத் தூக்கிப் போடுகிறது. இவர் காலை ஆட்டுகிறார். ஆட்டாதீங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன், கண் அந்தக் காலுக்குப் போயிற்று. செருப்பு வார் புறங்காலில் பதிந்திருக்கிறது. கழற்றினால் அச்சு அப்படியே நிற்கும். நேற்று வாக்கிங் விட்டு வந்து சாக்ஸைக் கழற்றும்போதும் பார்த்தேன், கணுக்காலுக்கு மேலே சுற்றிலும் ஒரு பள்ளம், கயிறு கட்டி அவிழ்த்த மாதிரி. புது சாக்ஸ், எலாஸ்டிக் இறுக்கம் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வதற்கு எனக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? காலையில் பின்மண்டை வலிக்கிறது என்றார், தலையணை சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். மாடிப்படியில் மூச்சு வாங்கினார், வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஐம்பத்தாறு ஒரு வயசா? இப்போது ஒவ்வொன்றாக வந்து வரிசையில் உட்காருகின்றன, டோக்கன் வாங்கிக்கொண்டு வந்தவை மாதிரி.

காலையில் அந்த ஃபைலைத் தேடாமல் இருந்திருக்கலாம். பழைய ரிப்போர்ட் இருந்தால் கொண்டு வாங்க என்று லேபிலிருந்து போனில் சொன்னார்கள், நான் பீரோவில் இவர் தட்டைத் திறந்தேன். இவர் பாடம் எடுக்கிற பாலிடெக்னிக்கின் பேப்பர்கள், பரீட்சைக் கட்டுகள், அதற்குப் பின்னால் ஒரு துணிக்கடை பை. உள்ளே மாத்திரை அட்டைகள். பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, மாசாமாசம் நானே தில்லை நகர் மருந்துக்கடையில் வாங்கிக் கொடுத்தவை. ஒன்றுகூடக் கிள்ளப்படவில்லை. எல்லாக் குமிழும் முழுசு. கைக்குள் வைத்து நசுக்கினால் சரசரவென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது, அந்தப் பக்கம் யாரோ பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால்கூடத் திரும்பிப் பார்க்கிறேன். ஆட்டோ வாசலில் ஹார்ன் அடித்தது, இவர் "வசு, இன்னும் என்ன பண்றே, வெறும் வயித்துல எத்தனை நேரம் நிக்கிறது" என்று கத்தினார். பையை இருந்த இடத்தில் வைத்தேன். ஏன் வைத்தேன்? முகத்துக்கு நேரே தூக்கிப் போட்டு இது என்னங்க என்று கேட்டிருக்க வேண்டாமா? தெருவில் காய்காரன் எடையில் நூறு கிராம் குறைத்தால் விடாதவள், மாமியாரிடம் விட்டுக்கொடுக்காதவள், ஒரு வார்த்தை பேசாமல் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். கேட்டால் இவர் என்ன சொல்வார் என்று தெரியும். தண்ணி வேலை செய்யுதே, அப்புறம் மாத்திரை எதுக்கு என்பார். அதற்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலைச் சொன்னால் என் குட்டும் வெளியே வரும்.

தண்ணீர் என்றால் நாத்தனார் சுகந்தியின் தண்ணீர். கோயம்புத்தூரில் மெஷின் ஏஜென்சி எடுத்திருக்கிறாள். பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அட்டைப் பெட்டியோடு வந்து இறங்கினாள், எங்கள் வீட்டு ஹாலில் ஐந்து கண்ணாடி டம்ளரை வரிசையாக வைத்தாள், ஒரு குப்பியிலிருந்து சொட்டு விட்டாள். எங்கள் காவிரித் தண்ணீர் ஃபில்டரில் போய் வந்தது மஞ்சளாக மாறியது. அவள் மெஷின் தண்ணீர் நீலமாக மாறியது. "பாத்தீங்களா அண்ணி, இத்தனை வருஷமா எங்க அண்ணனுக்கு நீங்க ஆசிட்டைக் குடுத்திருக்கீங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் தோசைக்கரண்டியோடு நின்றிருந்தேன். "ரத்தம் அமிலமாப் போறதுதான் எல்லா வியாதிக்கும் வேர். சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி, கேன்சர் வரைக்கும். காரத் தண்ணி குடிச்சா ரத்தம் மாறும்" என்றாள். பி.காம் படித்தவள். கான்வென்ட்டில் எனக்குக் கெமிஸ்ட்ரி எடுத்த சிஸ்டர் பெர்னடெட் இருந்திருந்தால் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியிருப்பார். வயிற்றுக்குள்ளே இருப்பதே ஹைட்ரோகுளோரிக் ஆசிட், இந்தத் தண்ணீர் அதில் விழுந்த மறு நிமிஷம் அதன் காரம் போய்விடும், ரத்தத்தின் அளவை நுரையீரலும் கிட்னியும் ஒரு நூலிழை அசையாமல் பிடித்து வைத்திருக்கின்றன, ஏழே முக்கால் பக்கம் அது போனால் ஆளை ஐ.சி.யூ.வில் போட வேண்டும் என்று எல்லாம் சொன்னேன். சொட்டு காட்டுவது டம்ளரில் இருக்கிற தண்ணீரை, உங்கள் அண்ணன் உடம்பை அல்ல என்றும் சொன்னேன். இவர் என்ன சொன்னார்? "வசு கான்வென்ட்டுல படிச்சதையே இன்னும் ஒப்பிச்சுக்கிட்டிருப்பா. அதுக்கப்புறம் சயின்ஸ் எவ்வளவோ முன்னேறிடுச்சு." சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மெஷினை அன்றைக்கே சுவரில் ஆணி அடித்து மாட்டியாயிற்று. கெமிஸ்ட்ரியில் ஸ்கூல் ஃபர்ஸ்ட் நான். ஹோலி கிராஸில் பி.எஸ்ஸி. சேர ஃபார்ம் வாங்கி வைத்திருந்தேன், நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். இதை இவரிடம் நான் ஒரு தரம்கூடச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டாததற்குத்தான் இந்த வேலையைச் செய்தேனோ?

ஒன்பது ஐந்து. அந்தக் கடிகாரம் ஓடுகிறதா? ஓடுகிறது. அந்த மெஷின் ஒரு குடம் பிடிக்க அரை மணி நேரம். எங்கள் மாடிக்குத் தண்ணீர் வரும் வேகத்துக்கு அது நடுநடுவே பீப் பீப் என்று கத்தி நின்றுவிடும், மறுபடி பொத்தானை அமுக்க வேண்டும், பக்கத்துக் குழாயில் பாதித் தண்ணீர் வீணாக வேறு ஊற்றும். சித்திரை வெயிலில், கார்ப்பரேஷன் தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம் வருகிற நாளில், அடுப்பில் குக்கர் மூணாவது விசில். போதும்டா சாமி என்று ஃபில்டர் தண்ணீரைப் பிடித்து ஜக்கில் ஊற்றினேன். இவருக்குத்தான் தினமும் சொட்டு விட்டுப் பார்க்கிற பழக்கமாச்சே, மஞ்சள் வந்தால் வீட்டை இரண்டாக்குவார். கை தானாக ஆப்ப சோடா டப்பாவுக்குப் போனது. ஒரு சிட்டிகை. கொஞ்சம் வெந்நீரில் கரைத்து ஊற்றினேன், சூடு பட்டால் அது கார்பனேட் ஆகும், நிறம் இன்னும் அழுத்தமாக வரும், அதுகூட மறக்கவில்லை பாருங்கள். இவர் வந்தார், சொட்டு விட்டார், நீலம். "வசு, இங்க வா, இன்னைக்கு என்ன கலர் பாரு! மெஷின் செட்டாயிடுச்சு!" நான் மொட்டை மாடிக்குப் போய்ப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அப்படிச் சிரித்ததில்லை. அப்புறம் தினமும் அதுதான். சுகந்தி அடுத்த தரம் வரட்டும், அவள் டம்ளர், அவள் சொட்டு, அவள் அண்ணன், எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது டப்பாவைக் கொண்டுவந்து நடுவில் வைக்க வேண்டும் என்று காத்திருந்தேன். இரண்டு முகமும் எப்படிப் போகும் என்று துணி மடிக்கும்போதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வரவில்லை, வியாபாரம் மும்முரம். இவரோ நாளுக்கு நாள் தெம்பாக இருக்கிறது என்றார். இருக்காதா? அந்தத் தண்ணீருக்காகக் காபியில் சர்க்கரையை விட்டார், காலையில் நாற்பது நிமிடம் நடந்தார், ராத்திரி பரோட்டா நின்றது. பெயரைத் தண்ணீர் தட்டிக்கொண்டு போயிற்று.

சிட்டிகை எப்போது கால் ஸ்பூன் ஆனது? நிறம் கொஞ்சம் குறைவாக இருக்கிறதே என்று ஒரு நாள் இவர் டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மறுநாளிலிருந்து கால் ஸ்பூன். அப்புறம் நான் எங்கே அளந்தேன், ஸ்பூன் நுனியில் வந்ததுதான். கால் ஸ்பூன் என்றால் ஒன்றேகால் கிராம். மூலக்கூறு எடை எண்பத்து நாலு, அதில் சோடியம் இருபத்து மூன்று. முன்னூற்று நாற்பது மில்லிகிராம் வருகிறது. அரை ஸ்பூன் என்றால் அதில் இரட்டிப்பு. நேற்று கால் ஸ்பூனா, அரை ஸ்பூனா? பிரஷர்காரருக்கு அப்பளம் போடாதவள், ஊறுகாய் ஜாடியை மேல் தட்டில் ஏற்றி வைத்தவள், சாம்பாரில் உப்பைக் குறைத்து இவர் வாயால் திட்டு வாங்கினவள், தினமும் காலையில் குளித்துவிட்டு விளக்கேற்றிவிட்டு இந்தக் கையால் அள்ளிப் போட்டிருக்கிறேன். மாத்திரை சாப்பிடுகிறாரே, ஒரு சிட்டிகை என்ன செய்துவிடும், ஆப்பத்தில் போடாத சோடாவா என்றுதான் இருந்தேன். மாத்திரை சாப்பிடுகிறாரே. மாத்திரை சாப்பிடுகிறாரே. அந்த ஒரு கல்லின் மேல்தான் மிச்சமெல்லாம் அடுக்கியிருந்தேன். அது துணிக்கடைப் பைக்குள் சரசரவென்று கிடக்கிறது. இவர் என்னை ஏமாற்றினார், நான் இவரை ஏமாற்றினேன், நடுவில் இவர் ரத்தக்குழாய். எத்தனை இருக்கும் இப்போது? நூற்று எழுபது? இருநூறு? தலைக்குள்ளே மயிரிழை மாதிரிக் குழாயெல்லாம் இருக்குமே. பிரஷர் கத்தாது, வலிக்காது. தெம்பாகக்கூட இருக்கும்.

அப்பா தெம்பாகத்தான் இருந்தார். பொன்மலை குவார்ட்டர்ஸில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு, பேப்பரில் ஏதோ ரயில்வே போனஸ் பற்றி வந்ததை எனக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நான் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று எரிச்சலாகத் தலை நிமிராமல் ம் கொட்டினேன். வார்த்தை குழறியது. அப்பா விளையாடுகிறார் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது வாயின் வலது ஓரத்தில் காபி வழிந்து பனியனில் சொட்டிக்கொண்டிருக்கிறது, அவருக்கு அது தெரியவில்லை, இன்னும் படித்துக்கொண்டேயிருக்கிறார், சத்தம் வருகிறது, சொல் வரவில்லை. கண் மட்டும் என்னைப் பார்த்தது, நான் ஏன் இப்படி முழிக்கிறேன் என்று கேட்பது மாதிரி. இப்போது இவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அண்ணாந்து குடிக்கிறார். வலது ஓரம். வலது ஓரம் சரியாக இருக்கிறது. ஒரு சொட்டு தாடையில் வழிகிறது, இல்லை, அது பாட்டிலிலிருந்து, கையால் துடைத்துக்கொண்டார், கை சரியாகத் தூக்குகிறது. "என்ன வசு, அப்படிப் பாக்கறே?" "ஒண்ணுமில்லை. குடிச்சது போதும், வைங்க." "இது எவ்வளவு குடிச்சாலும் நல்லது." பாட்டிலில் இருப்பதும் என்னுடையதுதான். ஆறு மணிக்குக் கலக்கினேன், அப்போது அந்தப் பையைப் பார்த்திருக்கவில்லை. பிடுங்கிக் கொட்டிவிடலாமா? எதற்கு என்பார். தட்டிவிடலாமா, கை பட்டு விழுந்த மாதிரி? இன்னொரு பொய். ஏற்கெனவே இருப்பது போதாதா?

ரிப்போர்ட் வரட்டும், ரிப்போர்ட்டே சொல்லட்டும் என்று ஒரு மனசு. இன்றைக்கு இங்கே வந்ததே சுகந்திக்காக. "அண்ணே, உங்க சுகர் ரிப்போர்ட்டை முன்னே, பின்னேன்னு வாட்ஸ்அப் குரூப்ல போட்டா நூறு பேர் வாங்குவாங்க" என்று கேட்டாளாம். அதனால் சர்க்கரை மட்டும். கிட்னி டெஸ்டும் சேர்த்து எடுங்களேன், பிரஷரும் பார்த்துவிடலாம் என்று கவுன்ட்டரில் நான் சொன்னதற்கு, "அதெல்லாம் எதுக்கு, நல்லாத்தானே இருக்கேன்" என்று சீட்டை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டார். சர்க்கரை ஏறியிருந்தால் நல்லது. தானே பயந்து தானே மாத்திரைக்குப் போய்விடுவார், நான் வாயைத் திறக்கவே வேண்டாம், ஆப்ப சோடாவும் தெரிய வேண்டாம். கடவுளே, ஏறியிருக்கட்டும். இப்படி ஒருத்தி வேண்டிக்கொள்வாளா? எதிரே மாட்டியிருக்கிற வேளாங்கண்ணி மாதா படத்தைப் பார்த்துக்கொண்டு, புருஷனுக்கு வியாதி கூடியிருக்க வேண்டும் என்று? ஆனால் கூடாமல் இருந்துவிட்டால்? நடந்திருக்கிறார், இனிப்பை விட்டிருக்கிறார், அரிசி குறைந்திருக்கிறது. ஒரு நல்ல நம்பர் வந்துவிட்டால் போதும், ஜென்மத்துக்கும் மாத்திரையைத் தொட மாட்டார், சர்க்கரையோடு பிரஷரையும் சேர்த்துத் தலைமுழுகிவிடுவார். அந்த நம்பர் குரூப்பில் போகும். நூறு பேர். அந்த நூறு பேர் வீட்டிலும் ஒரு பீரோ இருக்கும்.

ஒன்பது ஐம்பது. மூன்றாவது நாற்காலியில் ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்தாள், எனக்குத் தூக்கிப் போட்டது. மஞ்சள் பையில் ஃபைல், கையில் பஞ்சை அழுத்திப் பிடித்திருக்கிறாள். தையல்நாயகி, முசிறி என்று ஃபைலில் எழுதியிருக்கிறது. என் வயசு இருக்கும், உழைத்த கை. இவருக்கு ஆள் கிடைத்தால் போதாதா. எந்த ஊர், என்ன டெஸ்ட் என்று ஆரம்பித்தார். பிரஷர், சர்க்கரை இரண்டும் ஏழு வருஷமாக என்றாள். நான் சுவரைப் பார்த்தேன். "ரத்தம் அமிலமா இருக்கும்மா உங்களுக்கு" என்கிறார் இவர், கிளாஸ் எடுக்கிற குரல். பாட்டிலைக் காட்டுகிறார். சட்டைப் பையிலிருந்து அந்தக் குப்பியை எடுக்கிறார், பேனா மாதிரி குத்திக்கொண்டே திரிகிறார் அதை. மூடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ஒரு சொட்டு. நீலம். "அடேயப்பா" என்றாள் அந்த அம்மாள். என் காது மடல் சுட்டது. "அப்ப மாத்திரை சார்?" "நான் விட்டு மூணு மாசமாச்சு. இவளுக்கே தெரியாது. பயந்துக்குவான்னு சொல்லலை." என்னைப் பார்த்துச் சிரிக்கிறார், பிறந்த நாள் பரிசை ஒளித்து வைத்திருந்தவர் மாதிரி. "ரிப்போர்ட்டைக் கையில வெச்சுக்கிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன் வசு." அந்த அம்மாள் பஞ்சை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அழுத்தினாள். "எனக்கும் அதை முழுங்கி முழுங்கி வெறுத்துப் போச்சு சார். எம் மருமவ வேற, மாத்திரைக்கே சம்பாதிக்கணும்னு குத்திக் காட்டுறா. விட்டுரலாங்களா?" "படிப்படியா விடுங்க. என்னைப் பாருங்க, கல்லு மாதிரி இருக்கேன்." அவள் இவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். பொம்பளை பொம்பளையைக் கேட்கிற பார்வை. "நெசந்தானா அக்கா? கூடவே இருந்து பாக்கறவங்க நீங்க, சொல்லுங்க."

இல்லை என்றேன். முதலில் சத்தம் வரவில்லை போலிருக்கிறது, என்னக்கா என்றாள். "அது மெஷின் தண்ணியே இல்லைம்மா. ஃபில்டர் தண்ணியில நான் ஆப்ப சோடா கலந்தது. சித்திரை மாசத்துலேர்ந்து. நீ உன் மாத்திரையைப் போடு, ஒரு நாள்கூட விட்டுடாதே." சொல்லிவிட்டேன். இவ்வளவுதானா? இந்த நாலு வார்த்தைக்கா ஒன்றரை மணி நேரம்? அந்த அம்மாள் என்னையும் இவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள், ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து எதிர் வரிசைக்குப் போய்விட்டாள். இவர் சிரித்தார். "வசு வாய்க்கு வந்தபடி பேசுவா." அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். நான் பொய் சொன்னால் எப்படி இருப்பேன் என்று இவருக்குத் தெரியாது, நிஜம் சொன்னால் எப்படி இருப்பேன் என்று தெரியும். "சுகந்தி முன்னாடி உங்களை மட்டம் தட்டணும்னு பண்ணினேன்" என்றேன். "மாத்திரையை விட்டுட்டீங்கன்னு இன்னைக்குக் காலையிலதான் பாத்தேன். சத்தியமா இன்னைக்குத்தான்." இந்த முகத்தைப் பார்க்கத்தானே மூன்று மாதம் காத்திருந்தேன். பார்க்க முடியவில்லை. கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தினால் பிரஷர் ஏறுமே என்று அதற்கும் ஒரு பயம். கத்தவில்லை. மூடியில் இருந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டு, மாணவனிடம் கணக்குக் கேட்பது மாதிரி மெதுவாகக் கேட்டார். "அப்போ இந்த மூணு மாசமா நான் மருந்துன்னு எதுவுமே சாப்பிடலையா?" "இல்லை." "தெம்பா இருந்தேனே வசு." "நடந்தீங்க, இனிப்பை விட்டீங்க." "தலைவலி? நச்சு வெளியேறுதுன்னு சுகந்தி சொன்னாளே?" நான் இவர் காலைப் பார்த்தேன். கால் ஆடுவது நின்றிருந்தது. நாற்காலி முழுக்க அசையாமல் இருந்தது, அதுவே எனக்குத் தாங்கவில்லை.

எழுந்து கவுன்ட்டருக்குப் போனேன். ஒரு தரம் பிரஷர் பாருங்கம்மா, இப்பவே பாருங்க என்றேன். என் குரல் எப்படி இருந்ததோ, அந்த லேப் பெண் டோக்கன் எண்ணைக்கூடக் கேட்கவில்லை, வட்ட முள் வைத்த கருவியையும் ஸ்டெதாஸ்கோப்பையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இருபது வயசு இருக்கும், கையில் மருதாணி. இவர் சொல்லாமலே சட்டைக் கையை மடித்துவிட்டார். பட்டையைச் சுற்றினாள், பந்தை அமுக்கினாள், காற்றை விட்டாள், முள்ளைப் பார்த்தாள். அவள் முகத்தை நான் பார்த்தேன், இவரும் அவள் முகத்தைத்தான் பார்த்தார். "எவ்வளவும்மா?" என்றார். "பேசாதீங்க சார்" என்றாள். நம்பரைச் சொல்லவில்லை. பட்டையை முழுசாக அவிழ்த்தாள், கையை நேராக நீட்டி வைத்தாள், மறுபடி முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தாள்.